எங்கள் ஊரில் காலியாக எதுவும் இல்லை

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஓசியில் மோர் கொடுத்தால்கூட ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். அதை ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் புத்திதான் என் பட்டறையைத் தின்றது. (இதை எழுதச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. என் மனைவி செல்வி ஊர் முழுக்கக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கு நானே சொல்லித் தொலைத்துவிடலாம்.)

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீதிக்கு வீதி விசைத்தறிப் பட்டறை. பாதிக்கு மேல் இப்போது பூட்டு தொங்குகிறது. நெய்த ஆட்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். என் பட்டறையும் பூட்டித்தான் கிடந்தது. இரும்புக்கடைக்காரன் வந்து தறிகளைத் தட்டிப் பார்த்து எடைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். கட்டடத்தை யாராவது வாடகைக்கு எடுத்தால் ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் நாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் ஒரு துணிக் கம்பெனி தொழில் தொடங்க இடம் தேடி வருகிறது என்று சேதி வந்தது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பெரிய ஹோட்டலில் தங்க வைத்து, பள்ளம் இல்லாத ரோடாகப் பார்த்துச் சுற்றிக் காட்டி, அப்புறம் எங்கள் ஊருக்கு அழைத்து வருவார்களாம்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கப் பெண் வீட்டார் வந்தால், சொந்தக்காரன் லாரியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்துவது உண்டு. "உங்களுதுங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். "டயர் மாத்தோணுங்க" என்போம். இப்போது ஊரே மாப்பிள்ளை. வரவேற்புக் குழுவுக்குத் தலைவர் தங்கவேல் அண்ணன். லாரி வைத்திருப்பவர், நிறைய வாசலில் நிறுத்திய அனுபவசாலி.

"பூட்டுன பட்டறையப் பாத்தான்னா அடிமாட்டு வெலைக்குக் கேப்பான். அன்னைக்கு ஒரு நாளு ஊர்ல இருக்கற அத்தன தறியும் ஓடோணும். பாவு இல்லாட்டியும் ஓடோணும். சத்தம் வேணும் தம்பி, சத்தம்!" என்றார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். அது இல்லாமல் தறி ஓட்டுவது வெறும் மிக்சியை ஓட்டுவது மாதிரி. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. என்னைவிடச் சந்தேகக்காரர் ஒருவரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

செல்விக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்க, நமக்கு வாடகைக்கு ஆள் வேணும். பூட்டிக் கெடக்குதுன்னு சொன்னாத்தானுங்க கேப்பாங்க?"

"உனக்கு யாவாரம் தெரியாது. காஞ்சு கெடக்கறோம்னு தெரிஞ்சா கழுத்த அறுப்பாங்க. ஓஹோன்னு ஓடற மாதிரி காட்டோணும். அவங்களே வந்து கெஞ்சட்டும். அப்பறம் பெரிய மனசு பண்ணிக் குடுப்போம்."

"மனசு பெருசாத்தான் இருக்குது. மண்டைதான்..." என்று ஆரம்பித்து, என் அம்மா வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வந்தது அந்த நாள். ரோட்டோரம் பிளீச்சிங் பவுடரில் கோடு. சாயத்தண்ணி ஓடுகிற சாக்கடையைப் பந்தல் துணி கட்டி மறைத்தாயிற்று. (நாற்றத்துக்கு எந்தத் துணியைக் கட்டுவது?) மூடிக் கிடந்த கடைகளின் ஷட்டரைத் தூக்கி, உள்ளே வைக்கோல் மூட்டைகளைச் சரக்கு மாதிரி அடுக்கினார்கள். என் பட்டறையில் வாசல் ஓரம் இருந்த தறியில் மட்டும் பழைய மிச்சப் பாவை ஏற்றினேன். உள்ளே இருட்டில் மற்றதெல்லாம் வெறுந்தறி. செல்வியும் அவள் அக்காவும் தறி ஓட்டுகிறவர்கள். நான் முதலாளி. அயர்ன் செய்த சட்டை.

கார் நிற்காமல் போகும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நேராக என் பட்டறை முன்னால் நின்றது. இறங்கியது ஒரு அம்மா. காட்டன் புடவை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. நம்மூர்த் தமிழ். தறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கரண்ட் பெட்டியைப் பார்த்தார், பெண்களுக்குக் கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்டார். தறிப் பட்டறைக்கு வந்து கக்கூஸை எவள் விசாரிப்பாள்? முடிவே பண்ணிவிட்டேன்: இது வேவு பார்க்க வந்த ஆள்.

"இது எப்பவும் இப்படித்தான் ஓடுமா?" காதருகில் கத்தினார்.

"ராத்திரி பகல் ஓடுதுங்க! தீவாளிக்கே நிறுத்தறதில்லீங்க!"

"ஆள் கிடைக்கிறாங்களா?"

"எங்கீங்க! இந்த ஊர்ல வேலை இல்லாத ஆளுன்னு ஒருத்தரக் காட்டுங்க பாக்கலாம்!"

(வேலை இல்லாத ஆள் நானே முழுக்கைச் சட்டை போட்டு அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.)

"வாடகைக்குப் பட்டறை ஏதாவது காலியா இருக்குமா?"

இதோ, கேட்டுவிட்டாள். விலையைக் குறைக்கத் தூண்டில் போடுகிறாள். பின்னாலிருந்து செல்வி என் முதுகில் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற கிள்ளு. நான் அசையவில்லை.

"காலியா? எங்கூர்ல மாட்டுக்கொட்டாய்கூடக் காலி இல்லீங்க!"

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே வெறுந்தறி ஒன்றிலிருந்து நாடா தெறித்துப் பாய்ந்து வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குறுக்கு நூலான ஊடையை இழுத்து ஓடும் மரக்கட்டை அது, முனையில் இரும்பு. வரவேற்க வந்து நின்ற தங்கவேல் அண்ணன் நெஞ்சோடு பிடித்திருந்த பூங்கொத்தின் தலையைச் சீவிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. அவர் கையில் வெறும் குச்சிகள்.

"வேகம் அப்படிங்க" என்றேன்.

அந்தம்மா நாலடி பின்னால் போனார். காரில் ஏறிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, பாவம், மரியாதையாகத்தான் சொன்னார்: "நாங்க தையல் யூனிட் போடறோம். பூட்டிக் கிடக்கிற பட்டறையும் வேலை தேடற பெண்களும் இருக்கிற ஊரா வேணும். உங்க ஊர் அப்படின்னு யாரோ சொன்னாங்க. தப்பாச் சொல்லிட்டாங்க. நீங்க நல்லா இருக்கீங்க, சந்தோஷம்."

"ரொம்ப நன்றிங்க" என்று தங்கவேல் அண்ணன் குச்சிகளை நீட்டினார்.

அந்தம்மா சொன்னது என் மண்டைக்குள் இறங்குவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. ஓடினேன். அயர்ன் சட்டையோடு, பிளீச்சிங் பவுடரில் வழுக்கிக்கொண்டு, "காலிங்க! எல்லாம் காலிங்க! எம்பட பட்டறையே காலிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊரில் இருந்த அத்தனை வெறுந்தறியும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே என் குரல் கேட்கவில்லை. அந்தம்மா திரும்பிப் பார்த்தார். வழியனுப்ப ஓடி வருகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

யூனிட் ராசிபுரம் பக்கம் போய்விட்டது. என் தறிகள் இரும்புக்கடைக்குப் போயின. எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. வந்த உடனே விஷயத்தைச் சொன்னால் என்ன குறைந்துபோகும் அந்தம்மாவுக்கு? ஊர் இப்படித்தான் இருக்கிறது, வந்தால் வா என்று சொல்ல இத்தனை பெரிய மனிதர்களில் ஒருத்தனுக்கும் ஏன் வாய் வரவில்லை? (எனக்கும்தான்.)

மூட்டை கட்டாமல் தப்பித்தது செல்வியால். தினமும் விடிந்ததும் அந்த யூனிட் வேன் எங்கள் வாசலுக்கு வரும், ஏறிப் போவாள். இப்போது அங்கே சூப்பர்வைசர்.

போன மாதம் ஒரு நாள் வந்து சொன்னாள்: "நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க எங்க யூனிட்டப் பாக்க வாராங்களாம். கொஞ்சம் மெசினு சும்மா கெடக்குது. ஆளக் கூட்டிவந்து தைக்கற மாதிரி உக்கார வெக்கச் சொன்னாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு அதுல நல்ல அனுபவமுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்."

அன்று ராத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். காலையில் அயர்ன் சட்டை போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். எந்தச் சீட்டில் உட்காருவது என்று பார்த்தேன். உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை ஆட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்தினார்கள்:

"காலிங்க! எல்லாம் காலிங்க!"

செல்விதான் முதலில் கத்தியது.