டெய்லர் நடு ஏரிக்குப் போனார்

“நாளைக்குக் காலையில நான் நடு ஏரிக்குப் போறேன்” என்றார் என் வீட்டுக்காரர். ஏதோ நாடு பிடிக்கக் கிளம்புகிறவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

என் கையில் இருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது.

அவர் டெய்லர். சமீபத்தில்தான் நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. ஊருக்கெல்லாம் தையல் போட்ட மனிதருக்கு டாக்டர் தையல் போட்டு அனுப்பினார். உயிரோடு வீட்டுக்கு வந்தாரே என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை. இப்போதைக்கு மிஷினை மிதிக்க வேண்டாம், மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மனசுக்குப் பிடித்தது மீன் பிடிப்பதாம்! ஏரிக்கரையில் குடியிருக்கிறோமே தவிர, இவருக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரிலேயே ஓரமாக நின்று குளிக்கிறவர்.

“மீன் பிடிக்க நடு ஏரி எதுக்குங்க? மதகுப் பக்கம் உட்காருங்களேன். நல்ல நிழல்.”

“அங்க கிடைக்கிறது விரல் நீளம்தான் இருக்கும். பூனைக்கே பத்தாது.”

“வாய்க்கால் வந்து விழுற இடம்?”

“ஒரே பாசி. தூண்டில் சிக்கினா அதை எடுக்கவே பொழுது போயிடும்.”

“மீன் பண்ணைக் குட்டை இருக்கே. டிக்கெட் வாங்கினா நாற்காலி போட்டு உட்கார வைக்கிறாங்க.”

“வளர்த்து விட்ட மீனைப் பிடிக்கிறதுக்கு, கடையில போய் வாங்கிட்டு வந்துடலாமே!”

“அப்போ படகுத்துறையிலயாவது...”

“போற வர்றவன் எல்லாம் என்ன சிக்குச்சுன்னு கேட்பான். பெரிய மீன் ஆழத்துலதான்டி இருக்கும். முடிவு பண்ணிட்டேன்.”

நான் எதற்கும் கவலைப்படுகிறவள். பால் பொங்கினால் பொங்கிவிட்டதே என்று கவலை. பொங்காவிட்டால் ஏன் பொங்கவில்லை என்று கவலை. இப்படிப்பட்டவளிடம் நீச்சல் தெரியாத புருஷன், படகு, ஏரி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்தால் நான் எதை என்று தாங்குவேன்?

போகாதீர்கள் என்று தடுத்தால் அப்போதே கிளம்பிவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கற்ற ஒரே வித்தை “சரிங்க” என்று சொல்வது. “சரிங்க” என்றேன். சொல்லிவிட்டு நேராகப் படகுக்காரர் வீட்டுக்குப் போனேன்.

“எனக்கும் அவரைக் கூட்டிட்டுப் போக பயமாத்தான் இருக்குக்கா” என்றார் அவர். “உண்மையைச் சொல்லட்டுமா? பெரிய மீனெல்லாம் துறை ஓரத்துலதான் இருக்கு. நாங்க மீனைக் கழுவிக் குடலைத் தூக்கிப் போடுறோம்ல, விருந்தாளி மாதிரி வந்து காத்துக்கிட்டு நிக்கும்.”

“காலையில பனி எப்படி இருக்கும் தம்பி?”

“என் கையே எனக்குத் தெரியாதுக்கா.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் இவர் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் கிளம்பினார். நான் துண்டும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரிப் பின்னாலேயே போய்ப் படகுத்துறையின் நுனியில் நின்றேன். எங்கு பார்த்தாலும் வெள்ளை. துடுப்புச் சத்தம் மட்டும் தூரமாகப் போனது, சுற்றியது, இன்னும் ஒரு தடவை சுற்றியது, திரும்பி வந்து என் மூக்குக்கு நேராக நின்றது.

“வந்துட்டோமா?”

“நட்ட நடு ஏரிண்ணே.” படகுக்காரர் நங்கூரக் கல்லைக் கயிற்றில் இறக்குகிற சத்தம் கேட்டது. “போகுது... போகுது... இன்னும் போகுதுண்ணே.”

“அடேயப்பா!” என்றார் இவர். பயம் பாதி, பெருமை பாதி.

தூண்டில் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. திடீரென்று இவர் ஆரம்பித்தார். “என் வீட்டுக்காரி இருக்காளே...”

காதைத் தீட்டிக்கொண்டேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்தபடியே தூங்கினாப்பா. சாப்பிட்டியான்னுகூட நான் ஒரு வார்த்தை கேட்கல. நல்லா இருக்கேன்னா அவதான் காரணம். வாயால தேங்க்ஸ் சொல்ல எனக்கு வராது. பெருசா ஒரு மீனைப் பிடிச்சு அவ கையில கொடுத்துடணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

எனக்குக் கண் நிறைந்தது. கூடவே மூக்கும். சிந்தினால் குட்டு உடைந்துவிடும். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்றுகிறோம் என்று ஒரு பக்கம் உறுத்தல். இப்படிப்பட்ட மனிதரை ஆழத்துக்கு அனுப்பாமல் விட்டோமே என்று ஒரு பக்கம் நிம்மதி.

“இழுக்குதுப்பா! இழுக்குது!”

“எழுந்திருக்காதீங்கண்ணே!”

எழுந்தார். தொப்பென்று ஒரு சத்தம்.

“ஐயோ, முழுகிட்டேன்! அவகிட்ட சொல்லிடுப்பா, நான் முழுகிட்டேன்!”

“அண்ணே, நில்லுங்க.”

“நடு ஏரியில எப்படிய்யா நிக்கிறது?”

“காலைக் கீழ வைங்கண்ணே.”

தண்ணீர் சளசளவென்று அலம்பியது. என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு இவர் குரல் கேட்டது, ரொம்பச் சாந்தமாக.

“இடுப்பு வரைக்கும்தான் இருக்கு.”

“ஆமாண்ணே.”

“நடு ஏரியே இவ்வளவுதானா! இதுக்கா அவ கரண்டியை நழுவ விட்டா? பைத்தியக்காரி!”

அந்தச் சமயம் பார்த்து வெயில் ஏறியது. திரையை விலக்கின மாதிரிப் பனி கலைந்தது. எதிரே இவர். தலையில் ஒரு முழம் பாசி. நெஞ்சோடு அணைத்த கையில், குழந்தை கனத்துக்கு ஒரு மீன். இவருக்கு எதிரே துறை. துறையில் நான். படகுக்காரர் ஆகாயத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

இவர் வாயும் திறந்திருந்தது, மீன் வாயும் திறந்திருந்தது.

“நீ எப்படிடி நடு ஏரிக்கு வந்தே?”

“நடந்துதாங்க வந்தேன். நீங்களும் அப்படியே நடந்து வாங்க. மீனை மட்டும் விட்டுடாதீங்க, அது எனக்குன்னு சொன்னீங்களே!”