லொகேஷனைத் துரத்திய வெள்ளை ஜீப்

போனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். நெய்வேலியில் அத்தனை பிளாக்கிலும் தேடுங்கள், லொகேஷனைப் போல இன்னொரு கிறுக்கன் கிடைக்க மாட்டான். சுரங்கத்தைத் தோண்டிப் பார்த்தாலும் நிலக்கரிதான் வரும்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவனுக்கு உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை. யாரைப் பார்த்தாலும் "லொகேஷன் அனுப்புங்க" என்பான். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆளிடமும் கேட்பான். அப்புறம் வேறென்ன பேர் வைப்பது.

எங்களுக்கு டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் வேலை. பாதாளச் சாக்கடை மூடி எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கட்டிய காலத்து மூடிகள். புல்லும் சருகும் மூடிப் போய்க் கிடக்கும். நான் கடப்பாரையால் குத்திப் பார்த்து, மண்ணை வழித்து, மூடியை வெளியே காட்டுவேன். லொகேஷன் அதன் மேல் ஏறி நின்று போனில் ஒரு அமுக்கு அமுக்குவான். ஆபீஸில் இருக்கிற மேப்பில் ஒரு புள்ளி விழும். எங்கள் இன்ஜினியர் ஜே.இ. அதைப் பார்த்துத் தலையாட்டுவார். சாக்கடைக்கு மேப். காலம் அப்படி.

அந்த வேலையை அவனுக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம், எங்கள் செட்டில் பெரிய போன் வைத்திருந்தவன் அவன்தான். தகுதி அவ்வளவே. அவன் என்னவோ கலெக்டர் ஆன மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான்.

போனில் அமுக்கினால் புள்ளி உடனே விழாது. நீல வட்டம் ஒன்று பெரிதாகத் தெரியும். அது சுருங்கிச் சின்னதாக வேண்டும். அதுவரை ஆடாமல் நிற்க வேண்டும். மற்ற செட்டில் பையன்கள் பேசிக்கொண்டே நின்று அமுக்கிவிட்டுப் போவார்கள். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போன் பிடித்த கை நீட்டியபடியே இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு நாள் அவன் தோளில் காக்கா வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அது இன்னொன்றையும் கூப்பிட்டது.

"டேய், உயிரோட இருக்கியா?" என்று கேட்டேன்.

கண் போனிலேயே இருந்தது. வட்டம் சுருங்கவில்லை.

குவார்ட்டர்ஸ் பெண்கள் இவனைப் பெரிய ஆபீசர் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா வெளியே வந்து, "சார், பாத்ரூம் பைப்பு ஒழுவுது. அதையும் போட்டுக்குங்க சார்" என்றார். இவன் மூச்சு விடாமல் கண்ணை மட்டும் சிமிட்டினான். அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு இல்லை. கடப்பாரை வைத்திருக்கிறவனுக்கு யார் மோர் கொடுப்பார்கள்.

வேலையில்தான் இப்படி என்றால் மற்றதிலும் இப்படித்தான். மழை கொட்டும். நனைந்துகொண்டே நிற்பான். "மழை இல்லண்ணா. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான்" என்று போனைக் காட்டுவான். போனைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவான். மட்டம் பார்க்கிற ஆப் ஒன்று வைத்துக்கொண்டு என் வீட்டு அடுப்பு சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, கல்லைப் பெயர்த்து வேறு மாதிரி வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு வார்த்த தோசை எல்லாம் ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் களி. என் வீட்டுக்காரி அவனைத் திட்டவில்லை. என்னைத் திட்டினாள்.

எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் ஆப்பும் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே வருவான். பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். அந்த ஒன்றுதான் அவன் போனில் எனக்குக் கிடைத்த லாபம்.

ஜே.இ. ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மேப்பில் மூடிகள் பச்சைப் புள்ளியாக இருந்தன. நடுநடுவே சிவப்புப் புள்ளி.

"இது என்னய்யா?"

"நாயி சார்."

"நாயா?"

"கடிக்கிற நாயி சார். மஞ்சளா இருக்குறது கொரைக்கிறதோட நிறுத்திக்கும்."

"நீலம்?"

"மோர் குடுக்குற வூடு சார்."

ஜே.இ. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கம்பெனி மேப்பில் நாய் போட்டவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று சொன்னார். லொகேஷன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் அழி என்றார். அழிப்பதற்கு முன்னால் நீலப் புள்ளி எந்தத் தெரு என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். அப்பா அம்மா இல்லை. ஆர்ச் கேட் பக்கம் ஒற்றை ரூம். நெய்வேலியில் மாப்பிள்ளை என்றால் முதல் கேள்வி பேர் இல்லை. "பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?" காண்ட்ராக்ட் என்றதும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சில பேர் தண்ணீரும் குடிப்பதில்லை. அவன் வெளியே சிரிப்பான். அன்றைக்கு முழுக்கப் போனைத் தொடமாட்டான். அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

கடைசியில் காடாம்புலியூரில் ஒரு இடம் வந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிற பெண். காண்ட்ராக்ட் என்று சொல்லியும் சரி என்றார்கள். இவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பெண்ணின் தாய்மாமன் ஊரில் இல்லை. பிடித்திருந்தது. பெண்ணுக்கும் பிடித்ததாகக் கேள்வி. இனி பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். தாய்மாமன் பார்த்துச் சரி என்றால் கல்யாணம். இல்லை என்றால் இல்லை. இதை விட்டால் வேறு இடம் வராது. அது அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நேரம் குறிக்கவும் போனைத்தான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்று போன் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ராகு காலம். சர்ச்சுக்குப் போகிற எனக்கே தெரியும். தினசரிக் காலண்டரில் போட்டிருக்கிறது.

"ஆப்புல நல்ல நேரம்னுதாண்ணா காட்டுது" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். அந்த ஆப் ஏதோ வெளிநாட்டு ஊருக்கு நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

சொல்லவில்லை. சொன்னால் அந்த ஊருக்கு லொகேஷன் கேட்பான்.

அன்றைக்குக் காலையிலேயே என் வீட்டுக்காரி அவன் ரூமுக்குப் போய்ப் பெருக்கிக் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். இவன் மதியம் என்னிடம் வந்தான்.

"வழி அனுப்பிட்டேண்ணா. பொண்ணு போனுக்கு. அவுங்க வூட்ல அதுகிட்டதான் பெரிய போன் இருக்கு. லைவ் லொகேஷன். எட்டு மணி நேரத்துக்கு."

"அது என்னா?"

"சாதா லொகேஷன்னா போட்ட எடத்துலயே கெடக்கும்ணா. இது லைவ். உயிரோட இருக்கும். மாமனாரு வூட்டுக்குச் சாதாவா அனுப்ப முடியும்?"

எனக்கு அதெல்லாம் புரியாது. தலையாட்டினேன்.

அடுத்ததாக, வருகிறவர்களுக்குப் பலாப்பழம் வைக்க வேண்டும் என்றான். காடாம்புலியூர்க்காரர்களுக்குப் பலாப்பழம்! ஊரே பலா மரத்தடியில் குடியிருக்கிறது. கடலுக்கு உப்பு கொண்டு போகிற புத்தி. சொன்னேன். கேட்கவில்லை. ஆள் இல்லாத பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்னால் ஒரு மரம் பார்த்து வைத்திருந்தான். தர்பூசணி தட்டிப் பார்க்கிற ஆப் ஒன்று உண்டாம். பலாப்பழத்தின் மேல் போனை வைத்துத் தட்டினான். "பழுத்துடுச்சு" என்று போன் சொன்னதாம். அறுத்தான்.

டவுன்ஷிப் மரத்தில் காய்க்கிறது எல்லாம் குத்தகைக்காரருக்கு. செக்யூரிட்டி பிடித்தால் காண்ட்ராக்ட் ஆளின் கேட் பாஸ் போய்விடும். கேட் பாஸ் போனால் வேலை போச்சு. வேலை போனால் பெண் போச்சு. இது தெரிந்த ஒருத்தன் அன்றைக்குப் பார்த்து அறுப்பானா? அறுத்தான். மொபெட்டில் பின்னால் நான். என் மடியில் பழம். முள் குத்திக்கொண்டிருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்தோம். பின்னால் ஒரு வெள்ளை ஜீப்.

டவுன்ஷிப்பில் வெள்ளை ஜீப் என்றால் செக்யூரிட்டி. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"ண்ணா, திரும்பாத. பழத்த மறைச்சுக்க."

"என்னாத்தப் போட்டு மறைக்கிறது?"

"சட்டையக் கழட்டிப் போடுண்ணா."

கழற்றினேன். பனியனோடு, சட்டை போட்ட பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்தவர்கள் குழந்தை என்று நினைத்திருப்பார்கள். நல்ல வளர்த்தியான குழந்தை.

இவன் இடது பக்கம் ஒடித்தான். கொஞ்ச நேரத்தில் ஜீப்பும் ஒடித்தது. ஸ்கூல் பின்னால் போய் நின்றோம். வந்தது. கிரவுண்டைச் சுற்றினோம். சுற்றியது. குவார்ட்டர்ஸ் பின்பக்கச் சந்தில் புகுந்தோம். ஜீப் சந்துக்குள் வரமுடியாமல் அந்தப் பக்கம் போய்ச் சந்து முனையில் காத்துக்கொண்டிருந்தது.

"மேல எதாச்சும் பறக்குதா பாருண்ணா. கேமரா உட்ருக்கானுவோ."

பார்த்தேன். பருந்து பறந்தது.

இவன் மொபெட்டை நிறுத்தி, போனை எடுத்து, தப்பிக்க வழி தேடினான். ஓடுகிறவன் எவனாவது நின்று வழி பார்ப்பானா? வட்டம் சுருங்கட்டும் என்று காத்திருந்தான். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

கடைசியில் ஒரு பழைய சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போய்த் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்தோம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்தான். அதில்தான் அவனுக்குப் பழக்கம் உண்டே.

ஜீப் நேராக வந்து தகரத்துக்கு முன்னால் நின்றது.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர் இறங்கினார். இறங்கியது யார் என்றுகூட லொகேஷன் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி கும்பிட்டுக்கொண்டு வெளியே போனான்.

"சார், கீழ உழுந்து கெடந்துது சார். குத்தகைக்காரர்கிட்ட குடுக்கத்தான் எடுத்துக்கினு போறோம் சார். இவருதான் சார் தூக்கிக்கினு வராரு."

என்னைக் காட்டினான். பாவி.

வந்தவர் என்னைப் பார்த்தார். பனியனைப் பார்த்தார். சட்டை போட்ட பழத்தைப் பார்த்தார். கையில் இருந்த பட்டன் போனில் பேசினார். ஸ்பீக்கர் போட்டிருந்தார்.

"பாப்பா, நீ சொன்ன எடத்துலதான் நிக்கிறோம். இங்க பலாப்பழத் திருடனுவோ ரெண்டு பேருதான் இருக்கானுவோ. மாப்ளையக் காணோம்."

போனில் ஒரு பெண் குரல் வந்தது.

"அவருதான் மாமா."

லொகேஷன் தலையைத் தூக்கினான். ஜீப்பில் பின் சீட்டில் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தாயார். ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிடலாம் என்று முந்திரி வியாபாரி ஜீப்பை வாடகைக்குப் பிடித்துச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். பெண் வீட்டில் இருந்தபடி போனைப் பார்த்து வழி சொல்லியிருக்கிறாள். லைவ் லொகேஷன் வீட்டைக் காட்டாதாம். ஆளைக் காட்டுமாம். ஆள் போகிற இடமெல்லாம் கூடவே போகுமாம். எட்டு மணி நேரத்துக்கு.

மாமன் பழத்தை என் கையில் இருந்தபடியே விரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

"காயி" என்றார். "திருடறதுன்னு ஆனப்புறம் பழமாப் பாத்துத் திருடக் கூடாதா? வண்டியத் திருப்பு."

லொகேஷன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. எத்தனையோ முறை அவனைக் கன்னாபின்னாவென்று பேசியிருக்கிறேன். அப்போது பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். ஜீப்பைக் கிளப்பினார்கள்.

"மாமா, வெச்சிடாதீங்க." போனில் பெண் குரல். "வூட்டப் பாத்துட்டு வாங்க."

"என்னாத்தப் பாக்குறது? வூடு பாக்க வந்த மொத நாளே ஓடுறான் பாரு."

"ஓடட்டும் மாமா. எங்கப்பா எங்க போறாரு, எப்ப வராருன்னு அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இவுரு பயந்து ஓடும்போதுகூட எங்க ஓடுறேன்னு காட்டிக்கினேதான் ஓடியிருக்காரு."

முதலில் சிரித்தது அந்தத் தாயார்தான். சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாமன் எங்களைப் பார்த்து, "முன்னால போ. இந்த வாட்டியாவது வூட்டுக்குப் போ" என்றார்.

ரூம் சின்னது. மாமன் முகம் சுளித்தார். கேசரியை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். அதிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்த தை மாதம் கல்யாணம். காடாம்புலியூர் மாரியம்மன் கோயிலில். அழைப்பிதழை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மாப்பிள்ளையின் அண்ணன், அண்ணி என்று போட்டு, சவரிமுத்து, ஆரோக்கியமேரி என்று எங்கள் பேரை அச்சடித்திருந்தான். மேலே பிள்ளையார் படம். மாமன் ஊர்க்காரர்கள் எல்லாரும் அதை இரண்டு முறை படித்திருப்பார்கள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கிறுக்குப் பயலுக்கு அது தெரிந்திருக்கிறது.

சட்டை ஒன்று புதிதாக எடுத்துக்கொண்டு போய் அண்ணனாக நின்றேன்.