பாயசத்தையும் வடிகட்டியவர்

எனக்குத் தெரிந்து கல்யாணப் பந்தியில் பாயசத்தை வடிகட்டிக் குடித்த ஒரே மனிதர் வடிகட்டியார்தான். முந்திரி மொத்தமும் துணியில் தங்கிவிட்டது. பந்தியே சிரித்தது. அவர் அசரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நாலாவதோடு பள்ளியை விட்ட நான், பாலக்கோட்டில் தக்காளிக் கூடை தூக்கி, பிறகு இண்டூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கடலை பிடுங்கப் போய், அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். அங்கே படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் மறுவருஷம் காலில் நரம்புச் சிலந்தி புறப்படும். நூல் போன்ற புழு. குச்சியில் சுற்றிச் சுற்றி வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். எனக்கும் வந்தது. மாட்டுக்கொட்டகையில் கிடந்தேன். அறுவடை நேரத்தில் பாதி ஊர் அப்படித்தான் கிடந்தது.

அதை ஒழிக்க அரசாங்கம் அனுப்பிய தற்காலிக ஊழியர்தான் வடிகட்டியார்; அது ஊர் வைத்த பெயர். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. கையில் ஒரு கட்டு வெள்ளைத் துணி. குடத்தின் வாயில் துணி கட்டாமல் யாரும் அவரைத் தாண்ட முடியாது.

"ஏனுங்க, ஒரு முழத் துணி என்ன வெல? ஒரு மாசம் படுத்தா போற கூலி எவ்வளவு? நீங்களே சொல்லுங்க!"

"எனக்குக் களை வெட்டணும், ஆள வுடு சாமி" என்பார் அந்தப் படிக்கிணற்றுக்குச் சொந்தக்காரரான கிணற்றுக்காரர். புண்ணிலிருந்து புழு தண்ணீரில் குஞ்சு விடும், புண்காலோடு யாரும் இறங்கக்கூடாது என்று அவருடைய கிணற்றுப் படியையே முள்வெட்டி அடைத்தவராயிற்றே வடிகட்டியார்! ஒரு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை.

மூன்றாம் வருஷம் ஊரில் ஒரு காலிலும் புழு இல்லை. வந்தது வினை. நோயாளி இல்லாத ஊருக்கு ஆள் எதற்கு என்று பார்க்க அதிகாரி வருகிறாராம். இந்த வேலை போனால் வடிகட்டியாருக்கு வேறு பிழைப்பில்லை.

"ஆளுக்கொரு கால்ல துணியச் சுத்துங்கடா. அந்த மனுசன் சோறு போயிரக்கூடாது" என்றார் கிணற்றுக்காரர்.

வடிகட்டும் துணியையே கிழித்துக் கட்டிக்கொண்டு, ஜீப் வந்ததும் பதினோரு பேர் நொண்டினோம். அதிகாரி பேனாவைத் திறந்தார். வடிகட்டியார் குனிந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தார்.

"பொய்யிங்க சார். இவன் நேத்து புளியமரம் ஏறுனான். இந்தக் கால் போன வருசமே ஆறிருச்சுங்க."

"யோவ், உனக்காகத்தான்யா பண்றோம்!" கிணற்றுக்காரர் பல்லைக் கடித்தார்.

"அதுக்காக? எங்கூர்ல புழு இருக்குதுன்னு எழுதறதா?"

வேறு ஜில்லாக்காரர், 'எங்கூர்' என்றார். அதிகாரி 'இல்லை' என்று எழுதினார். வேலை போயிற்று.

அவர் கிளம்பிய அன்று, பஸ் வந்துவிட்டது என்று கிணற்றுக்காரர் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். அழுதுகொண்டே நாங்களும் பின்னால் ஓடினோம். ஒருவர்கூட நொண்டவில்லை.