மாசற்ற மீட்டர்

காலத்தை மனிதன் வென்றதில்லை என்று சொல்கிறவர்கள், மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. இங்கே காலம் கைகட்டி நிற்கும். நம்பாதவர்கள் எந்த வீட்டு வாசலிலாவது நிற்கும் காரின் மீட்டரைக் குனிந்து பார்க்கலாம். ஜெர்மனியில் பதினெட்டு வருஷம் ஓடி நாக்குத் தள்ளிப்போன வண்டி, எங்கள் ஊர் எல்லையைத் தொட்டதும் வெட்கப்பட்டு எழுபதாயிரம் கிலோமீட்டருக்குத் திரும்பிவிடும். அதற்கு முன்னால் அதை ஓட்டியவர் எப்போதும் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டுவார். ஜெர்மனியில் இத்தனை டாக்டரம்மாக்களும் காரை விற்றுக்கொண்டிருந்தால் நோயாளிகளை யார் பார்த்தார்கள் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. கேட்பது அநாகரிகம். ரொட்டிக்கடைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்து இந்த "இளமைச் சேவை" செய்பவருக்கு, சர்ச்சில் முன்னால் நிற்க இடம் விடுவோம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு குறை இருந்தது. அதன் பெயர் ராதிசாவ்.

உருக்காலையில் கிரேன் ஓட்டி ஓய்ந்த மனிதர். அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிவப்புக் கார். மகள் நெவேனா பிறந்த வருஷம் புதிதாக வாங்கியது. மீட்டரில் இரண்டாயிரத்து நூறு. யாரும் இறக்கியதல்ல. அவ்வளவுதான் ஓடியிருந்தது. ஊரில் உண்மை பேசிய ஒரே மீட்டர் அதுதான். அதனாலேயே அந்த வீட்டுப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

வேலைக்குப் பஸ்ஸில் போனார். மழையில் வண்டி நனையும் என்று, காய்ச்சலில் கிடந்த நெவேனாவை அடுத்த வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கடலைப் பார்த்துவிட்டு வந்து வெயிலில் தோல் உரிந்து நின்றபோது, அவள் மட்டும் முழுத் தோலோடு நின்றாள்.

"நாம எப்பப்பா கடலுக்குப் போறது?"

"உப்புக்காத்துடா கண்ணு. தகடு துருப்பிடிச்சுடும். உன் கல்யாணத்தன்னிக்கு ஊர்வலத்துல முன்னாடி போற வண்டி இது. அன்னிக்குப் புதுசா இருக்க வேணாமா?"

அதற்காக வண்டியை அவர் பட்டினி போட்டார் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமைதோறும் போர்வையை விலக்கி, செல்ஃப் அடித்து, இன்ஜினை "மூச்சு விட" வைப்பார். பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு காபி குடிப்பார். காபி முடிந்ததும் இன்ஜினை அணைத்துப் போர்த்திவிடுவார். இந்தச் சடங்கில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. சொந்த அண்ணன் செத்த வாரமும் வண்டி மூச்சு விட்டது.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. மலைமேல் இருக்கும் சர்ச்சில் கல்யாணம். வியாழக்கிழமை ராதிசாவ் ஒத்திகைக்காக வண்டியைத் தெருவுக்கு எடுத்தார். ஏற்றத்தில் மிதித்ததும் பின்னால் நீலப்புகை எழுந்தது. ரொட்டிக்கடை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நெவேனா தயக்கத்தோடு வாசலில் நின்றாள்.

"அப்பா, மாப்பிள்ளை வீட்டுல வெள்ளை வேன் இருக்குன்னு சொன்னாங்க. நாம வேணா பின்னாடி சீட்டுல..."

"பின்னாடி சீட்டா? இந்த நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் நான் பஸ்ஸுல தொங்கினேன்!"

நேராக மெக்கானிக் ஓப்ரனின் பட்டறைக்குப் போனார். புகை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டதால் ஊரும் அங்கே கூடியிருந்தது. நகராட்சியில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற சாவா, நாலு பேர் சேர்ந்து நின்றாலே கூட்டம் என்று அறிவித்துவிடுகிறவர். டயர் ஒன்றின்மேல் ஏறி நின்றார்.

"கூட்டம் தொடங்குது. முதல் பொருள், புகை."

"நீலமா இருக்கு," என்றான் ஓப்ரன்.

"அவசரப்படாத தம்பி. நீலம்னு நீ பாட்டுக்குச் சொல்லிட முடியாது. எனக்குச் சாம்பலாத் தெரியுது. சாம்பல்னே வச்சுக்குவோம். எதிர்ப்பு இருக்கா?"

எதிர்ப்பு இல்லை. காரணம் பற்றி விவாதம் நடந்தது. பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். புது ஆயிலுக்கும் பழைய இன்ஜினுக்கும் ஒத்துப்போகவில்லை என்றார் இன்னொருவர், மருமகள் பிரச்சினையைச் சொல்கிற குரலில். பனி, என்றார் சாவா. வெளியே ஜூன் மாத வெயில்.

ஓப்ரனுக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான். அவன் தொழில் தர்மம் அப்படி. பிஸ்டன் ரிங் லட்சக்கணக்கில் ஓடினால்தான் தேயும் என்பது ஊர் நம்பிக்கை. "ரிங் போச்சு" என்று எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது, "நீ மீட்டரை இறக்கியவன்" என்று சொல்வதாகும். அதனால் எங்கள் மெக்கானிக்குகள் "ஜெர்மனியை விட்டு வந்த ஏக்கம்" என்பார்கள். எந்த டாக்டருக்கும் இந்த நாசூக்கு வராது.

அவன் பிளக்குகளைக் கழற்றினான். அந்த ஓட்டையில் இன்ஜின் அழுத்தம் பார்க்கும் கேஜை முறுக்கி மாட்டினான். ராதிசாவ் செல்ஃப் அடித்தார். முள் பாதிவரை ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓப்ரன் பெருமூச்சு விட்டான். ஒரு கரண்டி ஆயிலை ஓட்டை வழியாக ஊற்றினான். மறுபடி செல்ஃப். முள் விறுவிறுவென்று மேலே போய் நின்றது.

கூட்டம் தொப்பியைக் கழற்றியது. ஆயில் ஊற்றி ஏறாவிட்டால் வால்வு, ஏறினால் ரிங். இந்த ஊரில் ஜபம் தெரியாதவன்கூட உண்டு. இது தெரியாதவன் கிடையாது.

சாவா டயரை விட்டு இறங்கி வந்தார். ராதிசாவின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவுய்யா?"

"என்ன எவ்வளவு?"

"இறக்கினது எவ்வளவு? இத்தனை வருஷமா நீ எங்களைவிட ஒசத்தின்னு நெனச்சு நெனச்சு நான் தூங்கலைய்யா. நீயும் நம்மாளுதானா!"

"யோவ், செத்தாலும் நான் மீட்டர்ல கை வச்சதில்ல!"

"அதேதான், அதேதான்," என்று சாவா தட்டிக் கொடுத்தார். "நாங்களும் அப்படித்தான் சொல்வோம்."

ஓப்ரன் ராதிசாவைப் பானெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, மீட்டர் நெசமா?"

"எம்பொண்ணு மேல சத்தியம்."

"சனிக்கிழமை எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?"

"ஒரு காபி நேரம்."

"பனிக்காலத்துலயுமா?"

"பனிக்காலத்துலதானடா முக்கியம்!"

ஓப்ரன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்ஜினை நீங்க சூடாகவே விடல. சூடாகாத இன்ஜின்ல பெட்ரோல் சரியா எரியாது. சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு, இருக்கிற ஆயிலையும் கழுவிட்டுப் போயிடும். காஞ்ச சுவத்துல ரிங் கெடந்து உரசும். உரசினதும் நீங்க அணைச்சுப் போத்திடுவீங்க. உள்ள ஈரத்தோட ஒரு வாரம் ஊறும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும். மலை, கடல்னு நல்லா விரட்டி ஓட்டியிருந்தா ரிங் இன்னிக்கும் புதுசா இருந்திருக்கும்."

"அப்ப... அது எங்கயும் போகாமயே...?"

"ஆமாண்ணே. நின்ன இடத்துலயே தேஞ்சுடுச்சு."

ராதிசாவ் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே போய் உண்மையைச் சொன்னால், பெற்ற பிள்ளையைவிட மேலாகப் பொத்திவைத்த வண்டியைக் காபி குடித்தே கொன்ற முட்டாள் என்று மொராவாவின் இரண்டு கரையும் சிரிக்கும். சொல்லாவிட்டால் அவர் ஒரு பித்தலாட்டக்காரர். அதாவது, எங்கள் ஊரில், கனவான்.

"ஞாயித்துக்கிழமை மலை ஏறுமாடா?"

"ரிங் மாத்த நாள் பத்தாது. ஆயில் டின்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஊத்தி ஊத்தி ஓட்டுங்க. ஏறும். புகை இருக்கும்."

ராதிசாவ் பானெட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். அப்போதுதான் நெவேனா, காரில் கட்டுவதற்கான பூவேலைத் துண்டுகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள்.

"ஆமா," என்றார் ராதிசாவ் உரக்க. "இறக்கினேன். ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்."

பட்டறை அதிர்ந்தது. ரக்கியாச் சாராயப் புட்டி எங்கிருந்தோ வந்தது. எங்கள் பட்டறைகளில் அது எப்போதும் எங்கிருந்தோ வரும்.

"அடப்பாவி! எங்கய்யா ஓட்டின? நாங்க யாரும் பாக்கவே இல்லையே!"

"விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பிடுவோம்."

"எங்க?"

ராதிசாவுக்குத் தொலைவாக ஒரே ஒரு இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த இடம்.

"கடலுக்கு. கிரீஸ் நாட்டுப் பக்கம். வருஷா வருஷம், குடும்பத்தோட."

"நான் பார்த்தேன்!" என்று சாவா கத்தினார். "எல்லைச் சாவடியில! செவப்பு வண்டி! நான் கையாட்டினேன்!"

"நானும் ஆட்டினேனே," என்றார் ராதிசாவ்.

இருவரும் கட்டிக்கொண்டார்கள். வாழ்நாளில் எல்லைச் சாவடியைப் பார்க்காத இரண்டு பேர் அங்கே சந்தித்துக்கொண்டது எங்கள் ஊர் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. நெவேனா ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியில் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போனது. முன்னால் சிவப்புக் கார், கண்ணாடிகளில் துண்டு, ராதிசாவின் சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து, காலடியில் ஆயில் டின். பின்னால் வந்த பதினைந்து வண்டிகளும் நீலப்புகைக்குள் ஹாரன் சத்தமாக மட்டும் இருந்தன. மாப்பிள்ளை வீட்டு வெள்ளை வேன் வெள்ளையாக இல்லை. ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சாலையோரம் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"ரெண்டரை லட்சம் ஓடின வண்டிங்க! இழுக்கிற இழுவையப் பாருங்க!"

இருபத்தாறு வருஷ உண்மைக்குக் கிடைக்காத மரியாதை, மூன்று நாள் பொய்க்குக் கிடைத்தது. ராதிசாவ் இடமும் வலமும் தலையசைத்து வாங்கிக்கொண்டார். கொஞ்சம் போனதும், அந்தப் பயணங்களையெல்லாம் உண்மையிலேயே போய் வந்தது போலத்தான் இருந்தது. மலை ஏற்றத்தில் கியரை மாற்றியபோது, "இதெல்லாம் ஒரு ஏத்தமா!" என்றுகூட வாய்விட்டுச் சொன்னார்.

பின் சீட்டில் வெள்ளை உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்த நெவேனா, முன்னால் சாய்ந்து அவர் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

"அப்பா," என்றாள். "நாம போன கடல் எப்படிப்பா இருந்துச்சு?"