துப்பாக்கி வாங்கிய தங்கைக்கு

மிசூரி, ரோலா

அன்புத் தங்கை லொரேட்டாவுக்கு,

அண்ணன் வெர்லின் எழுதிக்கொள்வது. முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகம். நீயும் உன் பூனைகளும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருள்வாராக. மரியாதை இத்துடன் முடிந்தது. இனி வருவதெல்லாம் திட்டு.

நேற்று என் வேட்டைக் கூட்டாளி கர்ட்டிஸ் வீட்டுக்கு வந்தான். உன் ஊர் செயின்ட் லூயிஸில் துப்பாக்கி சுடும் மைதானத்தில் உன்னைப் பார்த்தானாம். "உன் தங்கச்சி படபடன்னு சுடுறாப்பா! கூட வந்த கூட்டம் பூரா துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கேக்குற அவ ஜனநாயகக் கட்சி" என்றான். காபி என் மடியில் கொட்டியது. எந்த லொரேட்டா? தேங்க்ஸ்கிவிங் நன்றித் திருநாள் விருந்துக்கு வந்து, என் துப்பாக்கிகளையெல்லாம் பெட்டகத்தில் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்தால்தான் உள்ளே காலெடுத்து வைப்பேன் என்று வருஷாவருஷம் வாசலில் நின்று அழிச்சாட்டியம் செய்தவள்! அந்தச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வான்கோழி தின்றவள்!

கொதிப்போடு கர்ட்டிஸை இழுத்துக்கொண்டு நம்மூர்த் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். "அந்தக் கட்சிக்காரங்களுக்கெல்லாம் எப்படிய்யா கேட்டவுடனே தூக்கிக் கொடுக்கறீங்க? நல்லா விசாரிக்க வேணாம்? கொஞ்ச நாள் காக்க வைக்க வேணாம்? ஒரு பரீட்சை, ஒரு லைசென்ஸ், ஒண்ணும் கிடையாதா?" என்று கத்தினேன். கர்ட்டிஸ்தான் மெதுவாக, "வெர்லின், இது உன் தங்கச்சி பேச்சாச்சே. இதைச் சொன்னதுக்குத்தானே இத்தனை வருஷமா அவளைக் கிழிகிழின்னு கிழிச்ச?" என்றான். அந்த மானக்கேட்டுக்கும் நீதான் காரணம்.

உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? "துப்பாக்கி வெச்சுக்கற உரிமையை அரசியல் சாசனம் உனக்கு மட்டுமா எழுதி வெச்சிருக்கு அண்ணே? இந்தத் தடவை இடுப்புல மாட்டிக்கிட்டுத்தான் விருந்துக்கு வருவேன்." என் வசனம்! வார்த்தை பிசகாம என் வசனம்! "என் சாப்பாட்டு மேஜைக்குத் துப்பாக்கியோட எவளும் வரக்கூடாது"ன்னு கத்திட்டு வச்சுட்டேன். வச்சப்புறம்தான் அது உன் வசனம்னு உறைச்சுது.

என் சத்தம் கேட்டு உன் அண்ணி டார்லீன் அடுப்படியிலேர்ந்து வந்தா. "ஏன் வாங்கினான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. உன் கட்சியோட தேர்தல் விளம்பர அட்டையை வாசல் புல்லுல நட்டதுக்கு எவனோ உன் ஜன்னல்ல கல்லெறிஞ்சானாமே? 'அடுத்தது நீ'ன்னு கதவுல எழுதிட்டுப் போனானாமே? அதுலேர்ந்து நீ நாற்காலியில உட்கார்ந்தே தூங்குறியாமே? அடிப்பாவி! அண்ணிகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, கூடப் பொறந்தவன்கிட்ட சொல்ல வாய் வரலையா? "அண்ணன் சொல்லிக்காட்டுவான்"னியாமே. சொல்லிக்காட்டத்தான் செய்வேன். சொல்லிக்காட்டிக்கிட்டே அன்னைக்கே வண்டியைக் கிளப்பியிருப்பேன், கழுதை! கல்லெறிஞ்சவன் என் கட்சிக்காரனாத்தான் இருப்பான்னு நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கு.

ஆகவே இதுவே என் முடிவு. விருந்துக்கு நீ வர வேண்டாம். உன் வாசலை நானும் மிதிக்க மாட்டேன். நமக்குள் இனிப் பேச்சுவார்த்தை கிடையாது.

கர்த்தருடைய சமாதானம் உன்மேலும் பூனைகள்மேலும் தங்குவதாக.

கோபம் தணியாத அண்ணன்,
வெர்லின் டட்டில்

பி.கு.: விருந்து உன் வீட்டில்தான். முந்தின நாளே வான்கோழியும் ஜன்னல் கண்ணாடியும் ஏற்றிக்கொண்டு நானும் டார்லீனும் வருகிறோம். வெளியே நின்று உன் பேரைச் சொல்லிக் கத்துவேன். பயந்துபோய்ச் சுட்டுத் தொலைக்காதே. அன்றைக்கு நாற்காலியில் நான் உட்காருகிறேன். நீ கட்டிலில் போய்ப் படு.