இடது காலில் ஏறும் பேய்

செஞ்சிக்கோட்டையின் பெயர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், வியாபாரம் பெருகும், பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நல்ல கழிப்பறையாவது கிடைக்கும் என்று ஊர் காத்திருந்தது. முதலில் வந்து சேர்ந்தது பேய்.

அந்த மார்கழியில், திருவண்ணாமலை சாலையில் மூடிக்கிடந்த அரிசி ஆலைக்குள் அனல்பாதச் சித்தர் என்று ஒருவர் வந்து இறங்கினார். அவர் சொன்ன சேதி இதுதான். கோட்டைச் சண்டைகளில் வெறுங்காலோடு செத்துப்போன சிப்பாய்களின் ஆவிகள், சுற்றுலாக் கூட்டத்தின் சத்தத்தில் விழித்துக்கொண்டன. அவற்றுக்குக் கால் குளிர்கிறதாம். கதகதப்பான கால் தேடி ஊருக்குள் வந்து, மனிதர்களின் இடது பாதத்தில் ஏறிக்கொள்கின்றனவாம். ஏன் இடது? சிப்பாய் முதலில் எடுத்து வைப்பது இடது காலைத்தானே! இந்த விளக்கத்துக்கு எம்.காம். படித்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

பேய் ஏறியதற்கு அறிகுறி, கால் சில்லென்று இருக்கும். மார்கழியில் யாருடைய கால் கொதிக்கும் என்று கேட்க ஓர் ஆளில்லை. தொண்டூரிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் வந்தன. மண்டகப்பட்டிலிருந்து வேன் வந்தது. தங்கள் ஊரிலிருக்கும் பல்லவர் குகைக்கோயிலை வௌவாலுக்கு விட்டுவிட்டு, ஜனங்கள் அரிசி ஆலை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை கட்டினார்கள். ஆலையின் சொந்தக்காரர் அஜித்நாதன், எம்.காம். படித்த நெல் வியாபாரி. நயா பைசா வாடகை வாங்காமல் இடம் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வைத்தியம் சுலபம். சாமியிடம் ஒரு கறுப்புக் கம்பளிக் காலுறை இருந்தது. இமயமலையில் தவம் செய்தபோது குரு கொடுத்ததாம். பெண்களின் காலைச் சாமி தொடமாட்டார். அவரவரே இடது காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். சீடன் தனகோட்டி வலது கையால் பம்பை அடிப்பான். இடது கை இடுப்பிலிருந்த சுருக்குப் பைக்குள் இருக்கும். சாமி மந்திரம் முணுமுணுப்பார். சற்று நேரத்தில் காலுறை தானாகச் சூடேறும்!

சுட்டால் பேய் இருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும், அதற்குக் காணிக்கை தனி. சுடாவிட்டால் பேய் இல்லை, போகலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களின் காலில் அது சுட்டதே இல்லை. தோட்டும் தொங்கட்டானுமாக வந்தவர்களின் காலில் சுடாமல் இருந்ததே இல்லை. பேய்களுக்கும் ஆள் பார்த்து ஏறத் தெரிந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் கலைச்செல்வி. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி வசந்தா. வசந்தாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. அவளும் ஆலைக்குப் போய் வந்தாள். மறுநாள் காலை நொண்டி நொண்டிக் கடைக்கு வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“போயிடுச்சுடி கலை! பிடிவாதக்காரப் பேயாம். எனக்குச் சூடே தெரியல. சாமி விடல. காலையில மாட்டுனத மத்தியானந்தான் கழட்டச் சொன்னாரு. மாத்திரையெல்லாம் இனிமே வேணாம்னுட்டாரு. போனதுக்கு அடையாளம் பாரு.”

புடவையைத் தூக்கிக் காட்டினாள். புறங்காலிலும் விரல்களின் அடியிலும் கொப்புளங்கள். அதுவும் கோணல்மாணலாக அல்ல. வரி வரியாக, வளைந்து வளைந்து, கோலம் போட்டதுபோல. அவற்றின்மேல் பக்தியோடு குங்குமம் வைத்திருந்தாள்.

கலைச்செல்வி குனிந்து அந்த வரிகளை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் சர்க்கரைதான். நாலு வருடத்துக்கு முன், மரத்துப்போன இடது காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீரில் வைத்தாள். சூடு தெரியவில்லை. கொப்புளம் புண்ணானது, புண் அழுகியது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது இடது பக்கம் இருப்பது செயற்கைக் கால். தரையைத் தொடும் புடவையும் இரண்டு காலுக்கும் சாக்ஸும் போட்டு அவள் நடக்கிற நடையில், வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது.

மிச்சமிருந்த வலது காலும் குளிர்காலத்தில் விறைத்துக்கொண்டே இருந்தது. பேட்டரியில் சூடாகும் காலுறையை ஃபோனில் பார்த்து, வாங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தாள். “பனிமலைக்குப் போறவங்களுக்கு அது நல்ல சாமான். உணர்ச்சி இல்லாத காலுக்கு எமன்” என்றார் டாக்டர். உள்ளே கம்பி எப்படி வளைந்து வளைந்து ஓடும் என்பதையும் அவள் அப்போது படத்தில் பார்த்திருந்தாள். அதே கோலம்தான் வசந்தாவின் காலில் இருந்தது.

“வசந்தா, இது கரண்ட் சூடு. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“வாயக் கழுவு! சாமி காதுல விழப்போவுது.”

“உன் காலு போயிடும்டி.”

“உனக்குப் போச்சுன்னா எனக்கும் போவணுமா?”

கலைச்செல்வி கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டாள். “சரி, எனக்கும் பேய் பாக்கணும். கூட வா. சாமி நெஜம்னா நானும் மாத்திரைய வுட்டுடறேன். இல்லன்னா அங்கேர்ந்தே ஆஸ்பத்திரிக்கு வரணும்” என்றாள். தோழிக்கும் பக்தி வந்துவிட்டதென்று வசந்தாவுக்குச் சந்தோஷம்.

ஆலையில் கூட்டம் நெரிந்தது. கலைச்செல்வி அக்கா பெண்ணின் நகையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். சாமியின் பார்வை முதலில் கழுத்தில் விழுந்து, பிறகுதான் காலுக்கு வந்தது. அவள் நாற்காலியில் அமர்ந்து, புடவைக்குள்ளேயே குனிந்து காலுறையை மாட்டிக்கொண்டாள். பம்பை முழங்கியது.

“சுடுதா?” என்றார் சாமி.

“இல்ல சாமி.”

சாமி சீடனைப் பார்த்தார். சீடனின் கை சுருக்குப் பைக்குள் அசைந்தது. “இப்போ?”

“ஜில்லுன்னு இருக்குது.”

வசந்தாவே குனிந்து காலுறையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். “யம்மா! கொதிக்குது!”

“பாத்தீங்களா!” சாமி எழுந்து நின்றுவிட்டார். “உணர்ச்சியையே உறிஞ்சிடுச்சு. சிப்பாய் இல்ல, இவன் தளபதி!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“எப்படி சாமி ஏறுச்சு?”

“சுண்டுவிரல் வழியா. நீ சின்னப் பொண்ணா இருக்கச்சே ராஜகிரி மேல ஏறல?”

செஞ்சியில் பிறந்து ராஜகிரி ஏறாத பெண் உண்டா? “ஏறனேன் சாமி.”

“அன்னைக்கே புடிச்சுக்கினான். இந்தக் கால்ல, ரத்தத்துல கலந்து ஓடறான். நரம்பு துடிக்கிறது எனக்குத் தெரியுது!”

“இந்தக் கால்லதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“இந்தக் கால்லதான்! குருமேல சத்தியம்!”

கலைச்செல்வி முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாள். டக்கென்று சத்தம் வந்தது. காலுறையோடு, செருப்பு மாட்டும் சாக்ஸோடு, காலைக் கழற்றிச் சாமியின் கையில் வைத்தாள்.

“இந்தாங்க. ரப்பரும் கம்பியும். செஞ்சு நாலு வருசம் ஆவுது. நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே இது பொறக்கவே இல்ல. ரத்தம் எங்க ஓடுதுன்னு காட்டுங்க.”

பம்பை நின்றது. சாமி கையிலிருந்த காலைப் பார்த்தார். ஆனாலும் தொழில்காரர் அல்லவா? சட்டென்று சுதாரித்துக்கொண்டார். “பாத்தீங்களா! ரப்பர் காலக்கூட வுடல இந்தப் பேய்!”

முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து அந்தக் காலைக் கும்பிட்டார்கள். நம் ஜனங்களின் பக்திக்கு ரத்தமும் சதையும் வேண்டுமா என்ன?

கலைச்செல்வி கோபப்படவில்லை. காலுறையை மட்டும் உருவி, எதிரே கிடந்த தவிட்டு மூட்டையின்மேல் போட்டாள். “அண்ணாச்சி, ஒரு நிமிசம் கழிச்சித் தொட்டுப் பாருங்க” என்றாள் அஜித்நாதனிடம்.

அவர் தொட்டார். சுட்டது. தவிட்டு மூட்டையையும் தளபதி பிடித்திருந்தான்.

அஜித்நாதனுக்கு அப்போதுதான் எம்.காம். நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சாக்கு தைக்கிற ஊசியால் காலுறையின் ஓரத்தைக் கிழித்தார். மெல்லிய கம்பி வளைந்து வளைந்து வந்தது. மேல்விளிம்பில் தாயத்துத் துணி சுற்றியிருந்த இடத்தில் பேட்டரி. தனகோட்டி கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தான். பெண்கள் அவன் சுருக்குப் பையைப் பிடுங்கினார்கள். உள்ளே சின்ன ரிமோட். அழுத்தினால் பேட்டரியில் சிவப்பு விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது. சாமியின் அறையில் ஜோடியின் இன்னொரு காலுறை, ஃபோன்களுக்கு நடுவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

போலீஸ் வந்ததும் இமயமலைக் கதையும் வெளியே வந்தது. சாமியின் பெயர் பாண்டுரங்கன். மணாலிக்கு டூரிஸ்ட் பார்ட்டிகளோடு போய்வந்த சமையல்காரர். குருவின் பரிசு, அங்கே கடையில் வாங்கியது. அவர் தவம் செய்ததெல்லாம் கேஸ் அடுப்புக்கு முன்னால்தான்.

கூட்டம் கத்திக்கொண்டிருந்தபோது வசந்தா மட்டும் தரையில் உட்கார்ந்து, கிழிந்த காலுறையின் கம்பியையும் தன் கொப்புளங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்குப்போயி குங்குமம் வச்சேனேடி” என்றாள்.

“எழுந்திரு. அதை ஆஸ்பத்திரியில தொடச்சிக்கலாம்.”

வசந்தாவின் கால் தப்பியது. ஒரு விரல் தப்பவில்லை. இன்னும் ரெண்டு நாள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது அவள் மாத்திரையைத் தவறவிடுவதில்லை. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறாள்.

ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தீர்களா? பொங்கல் கழிந்து ஒரு நாள், கன்னியப்பன் என்பவர் சீயமங்கலத்திலிருந்து கலைச்செல்வியின் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க அல்ல. கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பழம்.

“தாயே, ஒரு சாமியாரையே ஜெயிச்ச காலாமே உன்னுது! என் மருமவளுக்குச் சதா தலைவலி. அந்தக் கால ஒரு தபா அவ தலைமேல வச்சி எடுத்தீன்னா...”

கலைச்செல்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பெரியவரே, என் காலு டூப்ளிகேட். ஆனா தெனமும் மாட்டி நடக்கறேன். உங்க தல ஒரிஜினல்தானே? ஒரு நாளாவது அதப் பயன்படுத்திப் பாருங்களேன்!”