மியூத்துவெல் எடுத்த பிறகுதான் நித்திரை

"அந்தக் குளிசைப் பெட்டி ஒரு கோப்பிக் காசு. வாங்கிப் போட்டிட்டுப் படுங்கோவனப்பா!" என்று துலூஸ் நகரத்திலிருந்து போனில் கத்தினாள் மனுசி சுகிர்தம்.

"காசு குடுத்து வாங்கிறதெண்டால் பேந்தென்னத்துக்கு மியூத்துவெல்?" என்றார் இராஜதுரை.

பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்தது போக, மருந்துச் செலவின் மிச்சத்தைக் கொடுக்கிற காப்புறுதிதான் மியூத்துவெல். உணவகக் குசினியிலிருந்து இராஜதுரை ஓய்வு பெற்றதோடு முதலாளி கட்டிவந்தது நின்றுபோனது. புதிதாக ஒன்றை அவரேதான் தேடிப்பிடிக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் சுகிர்தம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனாள். அவளோடு சேர்ந்து அவருடைய நித்திரையும் ரயிலேறிவிட்டது.

அவருடைய இரவுகளைக் கேட்டால் பாவமாக இருக்கும். விளக்கை அணைத்ததும் அறையின் முகடு மெல்ல மேலே போகும். கட்டில் தண்ணீரில் விட்டதுபோல அசையும். யன்னலால் ஸ்டாலின்கிராட் நிலையத்து மெத்ரோ ரயில் உள்ளே வந்து, கட்டிலை ஒருமுறை சுற்றிவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போகும். இதையெல்லாம் விடியும்வரை முழித்திருந்து பார்க்கிற மனிதருக்கு நித்திரைக் குளிசை வேண்டாமா? டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மியூத்துவெல்தான் பாக்கி.

லூயி-பிளாங் தெருவில் பயண முகவர் நிலையம் வைத்திருக்கும் ஐங்கரன் இந்தக் காப்புறுதி விசயமும் பார்த்துக் கொடுப்பான். அவனுக்குத் தெரிந்த பாசையில்தான் விளக்குவான்.

"அண்ணை, இது நேர போற பிளைட் மாதிரி. மற்றது டுபாயில இறங்கி ஏறுறது. மலிவுதான், ஆனா வழியில ஏதும் நடந்தா நீங்கள்தான் பொறுப்பு."

கதிரை மெத்தென்று இருந்தது. ஐங்கரன் கதைக்கக் கதைக்க இராஜதுரை முகிலுக்கு மேலே ஏறிவிட்டார். ஒரு பெண் தட்டில் குளிசைகளை வைத்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவருடைய வரிசை வரவும் தட்டு வெறுமையாகிவிட்டது.

"விளங்குதோ அண்ணை?"

"ஓம், ஓம்," என்று திடுக்கிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அட்டை வந்தது. பல்லுக்கு உண்டு, கண்ணாடிக்கு உண்டு, பிள்ளை பிறந்தால் பரிசுகூட உண்டு. நித்திரைக் குளிசைக்கு மட்டும் இல்லை!

அந்தக் காப்புறுதியை நிற்பாட்டப் போன் எடுத்தார். மறுமுனையில் கம்பனியில் வேலைசெய்யும் ஆன்-சோஃபி என்ற பெண். தாலாட்டுகிற குரல். அவள் நீட்டிச் சொன்ன எல்லாவற்றுக்கும் "வுய், வுய்" என்று பிரெஞ்சில் ஓம் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட எங்கள் ஆட்கள் அப்படித்தானே சொல்வார்கள்? அவள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டாள். போனை வைத்தபோது சுகிர்தத்தையும் அதே காப்புறுதியில் சேர்த்துவிட்டிருந்தார்.

"எனக்கும் பிள்ளைப்பேற்றுக் காசோ? இந்த வயதில? மருமோன் சிரிக்கப்போறார்!" என்று பொரிந்தாள் சுகிர்தம்.

இராஜதுரை மறுபடியும் ஐங்கரனிடம் ஓடினார்.

"கோவப்படாதேங்கோ அண்ணை. குளிசைக்குத் தாறது இன்னொண்டு இருக்கு. சேர்ந்து மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் தருவாங்கள்."

"அதுவரைக்கும் நான் முழிச்சிருக்கிறதோ?"

"சட்டம் அப்பிடி அண்ணை."

வேறு வழியில்லாமல் அதிலும் கையெழுத்து வைத்தார். முதலாவதை இன்னும் நிற்பாட்டவில்லை என்பது வீட்டுப் படியேறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கட்டிலில் இருந்தார். பக்கத்தில் சுகிர்தத்தின் தலையணை. இரண்டு காப்புறுதி இருந்தும் ஒரு பொட்டு நித்திரைக்கு வழியில்லை. மனுசி இல்லாத வீட்டில் இனி மெத்ரோவைப் பார்த்தபடி கிடக்க வேண்டியதுதான் என்று நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்புறோஸ், கண் இரண்டும் சிவந்து வீங்கி நின்றான்.

"அண்ணை, நீங்கள் கன மியூத்துவெல் விசாரிச்சனீங்களாம். நித்திரைக் குளிசைக்குத் தாறது எது?"

இராஜதுரைக்கு நெஞ்சு இளகிவிட்டது. அட, தன்னைப்போலவே இன்னொரு சீவன்!

"உமக்கும் நித்திரை இல்லையோ தம்பி? வாரும், இரும். எப்ப துவக்கம்?"

"அக்கா துலூசுக்கு வெளிக்கிட்ட நாளில இருந்து அண்ணை. அவ இருந்தால் உங்களைப் புரட்டிப் படுக்க விடுவா. இப்ப நீங்கள் லைற்றை நூத்தவுடன தொடங்கிற குறட்டை, விடிஞ்சாப்பிறகெல்லோ நிக்குது!"